கேள்விப் பெட்டியின் ஆறாவது பக்கம்

"ரீச்சர், சாக்குக்குள்ள இருக்கிறது கடிக்குமோ?"

"கையை விட்டுப் பார். பேரைச் சொல்லக்கூடாது. எப்பிடி இருக்கெண்டு மட்டும் சொல்லு. மற்றவை கண்டுபிடிக்கட்டும்."

"வழவழெண்டு இருக்கு… ஒரு பக்கம் பல்லு மாதிரி…"

"சோகி!" என்று ஏழெட்டுக் குரல்கள் ஒன்றாக எழும். சாக்கிலிருந்து சோழி வெளியே வரும்.

எண்பத்திரண்டாம் ஆண்டில், பள்ளிமுனைக் கோயில் வளவின் மூலையில் நின்ற ஓலைக் கொட்டகையில் நாள்தோறும் காலையில் இப்படித்தான் பாடம் தொடங்கும். கரும்பலகை ஒன்று இருந்தது. ஆனால் அதில் ரீச்சர் செலீனா எழுதியதைவிட அதன் நிழலில் பிள்ளைகள் உட்கார்ந்ததுதான் அதிகம். "அ, ஆ சொல்லித் தாறதை விட்டுப்போட்டு மட்டி பொறுக்கிறா" என்று தாய்மார் தண்ணீர்க் குழாயடியில் நின்று கதைத்தார்கள். செலீனாவின் தாய் மார்த்தா இன்னும் ஒரு படி மேலே போனாள்.

"மட்டி பொறுக்கவோடி உன்னை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினது? அதை நான் இஞ்சையே பழக்கியிருப்பனே!"

செலீனாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஏழு வருடம் கிழிந்த வலை பொத்தியவள். கோயில் சுவாமியார் அவளை யாழ்ப்பாணத்தில் நடந்த பதினைந்து நாள் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார். அங்கே ஒரு பாடத்தை அவள் நெஞ்சில் குத்திக்கொண்டு வந்தாள். சின்னப் பிள்ளைக்கு வாயும் மூளையும் விளையாட்டில்தான் திறக்கும். திறந்த பிறகு அ, ஆ தானாக உள்ளே வரும். அதை அவள் நம்பினாள். நம்பினால் விடமாட்டாள். அது அவள் பிறவிக் குணம். ஒரு வலையில் கடைசிக் கண் பொத்தி முடியும்வரை சோற்றுக் கோப்பையைத் தொடாதவள் அவள்.

அந்த வருடம் தை மாதம் அவளுடைய கொட்டகைக்கு வந்தாள் அன்ரோனெற்.

கடல் தொழில் செய்யும் அருளப்புவின் ஒரே மகள். நாலு வயது முடிந்து சில மாதங்கள். பெரிய கண்கள். காது நன்றாகக் கேட்டது. கோயில் மணி அடித்தால் திரும்பிப் பார்ப்பாள். ஆனால் வாய் மட்டும் பூட்டிய பூட்டு. தாய் எடித் மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தாள், அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றினாள், வைத்தியரிடமும் காட்டினாள். "வரும், வரும்" என்றார்கள். வரவில்லை.

ஆடி மாதம் அடுத்த வருடத்துக்குப் பிள்ளைகளைப் பதியப் போனபோது, பெரிய பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை அன்ரோனெற்றை மடியில் இருத்தி நாலு கேள்வி கேட்டார். மறுமொழி இல்லை. அவர் இரக்கமில்லாதவரல்லர். ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொன்னார்.

"தையில திரும்பக் கொண்டு வாங்கோ. தன்ர பேரைச் சொல்லி, கேட்டதுக்கு மறுமொழி சொன்னால் கட்டாயம் எடுக்கிறன். இல்லையெண்டால் வாய் பேசாத பிள்ளையளின்ர விடுதிப் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் தாறன். தூரம்தான். வருசத்துக்கு ரண்டு தரம் வீட்டுக்கு விடுவினம்."

எடித் நேரே கொட்டகைக்கு வந்து செலீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "வருசத்துக்கு ரண்டு தரம், ரீச்சர்! ரண்டே ரண்டு தரம்!"

"அழாதேங்கோ அக்கா" என்றாள் செலீனா. "தைக்கு இன்னும் அஞ்சு மாசம் கிடக்கு. அவள் எங்கையும் போகமாட்டாள்."

சொல்லிவிட்டாள். சொன்ன வாக்கை நிறைவேற்ற அவளிடம் என்ன இருந்தது? ஒரு சாக்கு, ஒரு பெட்டி மட்டி சிப்பி, நாலு வெண்கட்டித் துண்டு!

ஆனால் ஒன்றை அவள் கவனித்து வைத்திருந்தாள். சாக்கு விளையாட்டில் ஊமையாகவே இருக்கும் அன்ரோனெற், 'நாலு அறை' விளையாட்டில் மட்டும் உயிர்பெற்றுவிடுவாள். மண்தரையில் பெரிய சதுரம் கீறி, நடுவே குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டால் நாலு அறைகள். மேல் வரிசை பெரியது, கீழ் வரிசை சின்னது; இடப்பக்கம் வரி உள்ளது, வலப்பக்கம் வரி இல்லாதது. ஒரு சிப்பியைக் கையில் எடுத்தால் பிள்ளை இரண்டு தரம் யோசிக்கவேண்டும். பெரியதா, சின்னதா? வரி உண்டா, இல்லையா? ஐந்து வயதுக்காரர்களே தடுமாறும் அந்த விளையாட்டில் அன்ரோனெற் ஒரு தரமும் பிழைவிட்டதில்லை.

ஒரு நாள் செலீனா வேண்டுமென்றே வரி உள்ள ஒரு சின்னச் சிப்பியைப் பெரியவற்றின் அறைக்குள் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். அன்ரோனெற் அதை எடுத்துச் சரியான அறையில் வைத்தாள். செலீனா திரும்பவும் பிழையாக வைத்தாள். அவள் எடுத்தாள். இவள் வைத்தாள். ஆறாம் தரமோ ஏழாம் தரமோ, பிள்ளையின் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, பூட்டு உடைந்தது.

"இல்லை!"

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. செலீனாவின் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் அந்தப் பொல்லாதவள் என்ன செய்தாள் தெரியுமா? சிப்பியை எட்டாம் தரமும் பிழையாகவே வைத்தாள்!

"இல்லை! சின்னன்!"

அன்றிலிருந்து சொற்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. புரட்டாசியில் இரண்டு சொல் சேர்த்துச் சொன்னாள். இனிக் கேள்வி பழக்கவேண்டும் என்று முடிவு செய்தாள் செலீனா. கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு மறுமொழி சொல்லவும் வரும்.

தேயிலைப் பெட்டிப் பலகையால் ஒரு சதுரப் பெட்டி அடித்து, ஆறு பக்கமும் வெள்ளைத் தாள் ஒட்டினாள். தாயக்கட்டைபோல அதை உருட்டவேண்டும். மேலே வரும் படத்துக்கு ஏற்ற கேள்வியைப் பிள்ளை கேட்கவேண்டும். முகம் வந்தால் 'ஆர்?' மீன் வந்தால் 'என்ன?' சூரியன் வந்தால் 'எப்ப?' கை வந்தால் 'எப்பிடி?' தூண்டில் வந்தால் 'ஏன்?'

ஆறாவது பக்கத்தில் காலடித் தடம் இரண்டு வரையவேண்டும். 'எங்கை?'

அந்தப் பக்கத்தை மட்டும் அவள் மூன்று கிழமையாக வெறுமையாகவே விட்டிருந்தாள்.

ஏன் என்று அவளுக்குத் தெரியும். மார்த்தாவுக்கும் தெரியும். பதினெட்டு வருடமாக இரண்டு பேரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கடல் தொழிலுக்குப் புறப்படும் ஆளிடம் "எங்கை போறாய்?" என்று கேட்கக்கூடாது. கடற்கரையில் பிறந்த எவருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கேட்டால் அன்றைக்குத் தொழில் இல்லை. மீறிப் போனால் கடல் கணக்குத் தீர்க்கும். அறுபத்தி நான்காம் ஆண்டு, நத்தார்ப் பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஏழு வயதுச் செலீனா வள்ளத்தடிக்கு ஓடிப்போய்த் தகப்பன் எட்வேட்டிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். அன்று இரவு அடித்த புயல் அவரைக் கொண்டுபோய்விட்டது.

"கேட்டியேடி! வாய் திறந்து கேட்டியே!"

மார்த்தா தலையில் அடித்துக்கொண்டு கத்தியது ஒரே ஒரு தரம்தான். அந்த ஒரு தரம் போதாதா? ஏழு வயது நெஞ்சில் விழுந்த சுடு இரும்பு ஆறுமா?

கடைசியில் பிள்ளைகளே அவளை மடக்கினார்கள். தூண்டில் பக்கம் விழுந்தபோது ஒருத்தி கேட்டாள்: "ஏன் ரீச்சர் இந்தப் பக்கம் ஒண்டுமில்லை?"

செலீனா அன்று பின்னேரமே ஆறாவது பக்கத்தில் இரண்டு காலடித் தடம் வரைந்தாள். பூனை எங்கை? கதிரைக்குக் கீழே. சுவாமி எங்கை? கோயிலுக்குள்ளே. பிள்ளைகள் கூத்தாடினார்கள்.

ஆனால் எப்போது அதைக் கேட்கக்கூடாது என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லப்போனால் தன் கதையைச் சொல்லவேண்டி வரும். தொழில்காரர் வீட்டுப் பிள்ளைகள்தானே, தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டாள். மற்ற இருபது பிள்ளைகளுக்கும் தெரிந்துதான் இருந்தது. வாய் திறக்கத் தொடங்கிய நாளில் தாய்மார் அவர்களின் வாயில் அடித்துப் பழக்கியிருந்தார்கள். ஆனால் பேசாத பிள்ளைக்கு எதைப் பேசக்கூடாது என்று யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

ஐப்பசி மாதம். பின்னேரம் மூன்று மணி. அருளப்புவும் இன்னும் இரண்டு பேரும் வலையை ஏற்றி, வள்ளத்தைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எடித்தின் கையை உதறிக்கொண்டு அன்ரோனெற் ஓடிவந்தாள். முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, வாழ்க்கையிலேயே முதல் தரமாக முழு வசனம் ஒன்றைப் பேசினாள்.

"அப்பா, எங்கை போறியள்?"

கரை முழுவதும் உறைந்தது.

எடித்தின் முகத்தில் ஒரு கணம் விண்ணுலகம் தெரிந்தது. அடுத்த கணம் அது சாம்பலாகியது. "ஐயோ, முழுசாய்ப் பேசிட்டாள்!" என்று கத்தினாள். மகிழ்ச்சியிலா பயத்திலா, அவளுக்கே தெரியாது. அருளப்பு வள்ளத்தை விட்டுவிட்டுக் கரைக்கு வந்தான். அவன் கை ஓங்கியதை யாரும் தடுக்க நேரமிருக்கவில்லை. ஒரு அடிதான். ஐந்து வருடமாக எந்தக் குரலைக் கேட்க அவன் ஏங்கினானோ அந்தக் குரல்மேல் விழுந்தது அந்த அடி!

அன்று அவன் கடலுக்குப் போகவில்லை. மறுநாள் போனான். வலை கல்லில் மாட்டிக் கிழிந்தது. யாருக்கு வேறு சாட்சி வேண்டும்?

திரும்பி வந்த அன்று மாலையில் அருளப்பு செலீனா வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"என்ன ரீச்சர், பிள்ளையளுக்குப் பேச்சுப் பழக்கிறியளோ, பேய் பழக்கிறியளோ? நீங்களும் கடற்கரைப் பிள்ளைதானே! அந்தக் கேள்வியைப் படம் கீறி உருட்டி விளையாட வைக்கிறியளோ?"

"அருளப்பு அண்ணை, பிழை என்ரதான். ஆனால் பிள்ளையை மறிக்காதேங்கோ. தைக்கு இன்னும் ரண்டு மாசம்தான்…"

"பிள்ளை இனி வரமாட்டுது. விடுதிக்குத்தான் போகோணுமெண்டால் போகட்டும். என்னைக் கடலுக்குக் குடுக்கிறதைவிட அது நல்லது."

அவன் போனபிறகு மார்த்தா கருவாட்டுக் கடகப் பெட்டியைத் தலையிலிருந்து இறக்கிவைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் விளக்கேற்றினாள்.

பத்து நாள் கழித்து எடித் களவாக வந்தாள். "திரும்பவும் வாயைக் கட்டிப்போட்டாள், ரீச்சர். 'இல்லை'யெண்டுகூடச் சொல்லுறாளில்லை. அவர் இரவில எழும்பிப் பிள்ளையின்ர கன்னத்தைத் தடவிக்கொண்டு இருக்கிறார். ஆனால் பயம். வேற ஒண்டுமில்லை, பயம்."

அந்த இரவு செலீனா அழுதாள். நன்றாக அழுது முடித்தாள். விடிந்தபோது முகத்தைக் கழுவிக்கொண்டு ஒரு முடிவோடு எழுந்தாள். பிள்ளையின் வாய்ப்பூட்டை விளையாட்டால் உடைத்தவள், பெரிய ஆட்களின் பயத்துக்கு மட்டும் ஏன் பயப்படவேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை தொழில் இல்லை. பூசை முடிந்து, ஆண்கள் மீன்வாடிக் கொட்டிலடியில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். செலீனா சிப்பிப் பெட்டியோடு வந்து, அவர்கள் நடுவே ஈர மணலில் ஒரு தடியால் பெரிய சதுரம் கீறினாள். குறுக்கே ஒரு கோடு. நெடுக ஒரு கோடு.

யாகப்பர்தான் முதலில் வாய் திறந்தார். அந்தக் கரையில் மூத்த தொழில்காரர்; பகிடிக்கும் மூத்தவர். "என்ன பிள்ளை, எங்களையும் நேசரியில சேக்கப்போறியோ? எனக்குச் சட்டையில மூக்குத்துடைக்கிற லேஞ்சி குத்தி விடோணும், சொல்லிப்போட்டன்!"

சிரிப்பு எழுந்தது. அருளப்பு மட்டும் சிரிக்காமல் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சேருங்கோ மாமா" என்றாள் செலீனா. "நாலு வயசுப் பிள்ளை விளையாடுற விளையாட்டு. உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமாய் இருக்கும், எண்டாலும் பாப்பம். மேல் வரிசை, 'எங்கை போறாய்' எண்டு ஆரோ கேட்டும் போனவை. கீழ் வரிசை, ஆரும் கேளாமல் போனவை. இந்தப் பக்கம் திரும்பி வந்தவை. அந்தப் பக்கம் வராதவை."

சிரிப்பு நின்றது.

"உனக்கென்ன விசரோடி?" என்றார் யாகப்பர் மெதுவாக.

"அறுபத்திநாலில உங்கட தம்பி போனவர். வந்தவரோ?"

"…வரேல்லை."

"ஆரும் கேட்டதோ?"

"சீ! எங்கட வீட்டில ஆர் கேக்கிறது? கொம்மா மார்த்தாவைக் கேட்டுப்பார், தொழிலுக்குப் போற நேரம் என்ர ஆத்தை வாசலிலயே நிக்கமாட்டா."

"அப்ப அவரை எந்த அறையில வைக்கிறது?"

யாகப்பர் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு சிப்பியை எடுத்தார். மணலில் முழங்கால் குத்தி, கேளாமல் போய் வராதவர் அறையில் மெதுவாக வைத்தார். வைத்துவிட்டுத் தோளில் கிடந்த துவாயால் கண்ணைத் துடைத்தார்.

ஒருவர் வைத்தால் மற்றவர் கை சும்மா இருக்குமா? ஒருவன் தன் மாமனை வைத்தான். இன்னொருவன் அண்ணனை வைத்தான். புயலில் போனவர்கள், அதற்குப் பிறகு போனவர்கள் எல்லோரும் அதே அறைக்குள் குவிந்தார்கள். பதினொரு சிப்பி. பதினொரு பேரிடமும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்காமலே கடல் அவர்களை எடுத்திருந்தது.

"சரி" என்றாள் செலீனா. "கேட்டும் வந்தவை ஆரும் இருக்கினமோ?"

"அதெப்பிடி இருக்கும்? கேட்டால் போறதே இல்லையே" என்றான் ஒருவன்.

யாகப்பருக்குத் திடீரென்று ஏதோ பொறி தட்டியது. "டேய், பொறு! நேவிக்காரன்?"

"நேவிக்காரன் என்ன?"

"கிழமைக்கு மூண்டு தரம் நடுக்கடலில மறிச்சு 'கொஹெத யன்னே?' எண்டு கேக்கிறான். அதென்ன, சுகம் விசாரிக்கிறானோ? எங்கை போறாய் எண்டுதானே கேக்கிறான்! சொல்லிப்போட்டுத்தானே போறம். வந்துகொண்டுதானே இருக்கிறம்!"

"அவன் சிங்களத்தில கேக்கிறான் அண்ணை. அது கணக்கில வராது."

"ஏன்ரா, கடலுக்குச் சிங்களம் விளங்காதோ?"

அடக்கிவைத்திருந்த சிரிப்பு வெடித்தது. ஆளாளுக்குச் சிப்பியை அள்ளி, கேட்டும் வந்தவர் அறைக்குள் எறிந்தார்கள். அந்த அறை நிறைந்து வழிந்தது. ஒரு நிமிடம், செலீனா வென்றுவிட்டாள் என்றுதான் தோன்றியது.

அப்போதுதான் அருளப்பு வலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"ஒரு அறை வெறுமையாய் இருக்குது, ரீச்சர். கேட்டு, வராதது. அங்கை வைக்க ஆளில்லையோ?"

கரைக்கே தெரிந்த கதை. யாரும் அவள் முகத்தை நேரே பார்க்கவில்லை. செலீனாவின் விரல்கள் பெட்டிக்குள் போயின. ஒரு சிப்பியை எடுத்தாள்.

"இருக்கு" என்றாள். "என்ர அப்பா. கேட்டது நான்தான்."

வெறும் அறையின் நடுவில் அந்த ஒற்றைச் சிப்பியை வைத்தாள். பதினெட்டு வருடம் நெஞ்சுக்குள் கிடந்தது அன்றைக்குத்தான் வெளியே வந்து வெயிலைப் பார்த்தது.

"சிப்பி கடலுக்குப் போறதில்லை, ரீச்சர்" என்றான் அருளப்பு. குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "போறது நான். பதினொண்டு அங்கை கிடந்தாலும் எனக்கு இந்த ஒண்டுதான் கண்ணில தெரியுது."

அவன் சொன்னதில் பொய் இல்லை. பயத்துக்குக் கணக்குத் தெரியுமா?

"அவர் மறுமொழி சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

எல்லோரும் திரும்பினார்கள். வாடியின் கப்புத்தூணைப் பிடித்துக்கொண்டு மார்த்தா நின்றாள். எப்போது வந்தாளோ, யாருக்கும் தெரியாது.

"என்னம்மா?" என்றாள் செலீனா.

"நீ கேட்டாய். ஓம். நான் ஓடிவந்து உன்ர வாயைப் பொத்தினன். அவர் என்ர கையை எடுத்துவிட்டவர். சிரிச்சவர். 'பேசாலைப் பக்கம் போறன் பிள்ளை, நத்தாருக்குச் சட்டை துணி எடுக்கோணும்' எண்டு உன்ர தலையைத் தடவிச் சொல்லிப்போட்டுத்தான் வள்ளத்தில ஏறினவர். அவர் உன்னைக் கோவிக்கேல்லை. ஒரு சொட்டும் கோவிக்கேல்லை. கோவிச்சது நான்தான். ஆரையும் கோவிக்காமல் என்னால அந்த இரவைத் தாண்டியிருக்கேலாது. கடலைக் கோவிக்கேலாது, மாதாவைக் கோவிக்கேலாது, உன்னைத்தான் கோவிச்சன்…"

அவள் மணலில் குந்தினாள். செலீனா எழுந்து ஓடிப்போய்த் தாயைக் கட்டிக்கொண்டாள். தகப்பனின் கடைசிச் சிரிப்பு அவளுக்கு நினைவில் இருந்ததே இல்லை. தாயின் ஓலம் அதை மூடியிருந்தது. சிரித்தாராம்! தலையைத் தடவினாராம்! ஐயோ, இதைக் கேட்க எத்தனை வருடம்!

வலைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாகப்பர் இருமினார். அருளப்பு மணலில் கிடந்த நாலு அறையைச் சுற்றிக்கொண்டு, எதையும் மிதிக்காமல், வீட்டுப் பக்கம் நடந்துபோனான்.

திங்கட்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குச் செலீனா கரைக்குப் போனாள். எடித் ஆள் அனுப்பியிருந்தாள்: "அவர் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வள்ளத்தடிக்குப் போறார், ரீச்சர், ஓடி வாங்கோ!"

வள்ளம் தண்ணீரில் மிதந்தது. வலை ஏற்றியாயிற்று. இரண்டு கூட்டாளிகளும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அருளப்பு மட்டும் கரையில், மகளுக்கு முன்னால் முழங்காலில் நின்றான்.

"பிள்ளை, அப்பா தொழிலுக்குப் போகப்போறன். கேள்."

அன்ரோனெற் வாயை இறுக மூடிக்கொண்டு அவனுடைய கைகளைப் பார்த்தாள்.

"கேள் பிள்ளை. அண்டைக்குக் கேட்டது மாதிரி."

"டேய் அருளப்பு, காத்து மாறப்போகுது!" என்று வள்ளத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

"மாறினால் மாறட்டும். பிள்ளை கேளாமல் நான் போகமாட்டன்."

இப்படி ஒரு அதிசயத்தை அந்தக் கரை கண்டதுண்டா? கேட்டுவிட்டார்கள் என்று திரும்பி வந்தவர்கள் ஆயிரம் பேர். கேட்டால்தான் போவேன் என்று மணலில் முழங்கால் குத்தி நின்றவன் அவன் ஒருவன்தான்!

பிள்ளை திரும்பிச் செலீனாவைப் பார்த்தாள். செலீனாவின் நாக்கு நுனியில் அந்தச் சொல் துடித்தது. எடுத்துக் கொடுத்தால் பிள்ளை சொல்லிவிடுவாள். ஆனால் அது கிளிப்பிள்ளைப் பேச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தன் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் ஆசிரியருடைய வேலையிலேயே கடினமானது என்று யாழ்ப்பாணத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். அது எவ்வளவு உண்மை என்று அன்றுதான் தெரிந்தது.

அலை வந்து போனது. இன்னொன்று வந்து போனது.

"அடிப்பியளோ?" என்றாள் அன்ரோனெற்.

அருளப்புவின் முகம் கோணியது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "இல்லை பிள்ளை. இனி ஒருக்காலும் அடிக்கமாட்டன். மாதாவாணை."

அவள் யோசித்தாள். சிப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எந்த அறை என்று யோசிப்பதுபோல, அவசரப்படாமல் யோசித்தாள்.

"எங்கை போறியள்?"

"கீரிக் கடல் பக்கம் போறன்."

"ஏன்?"

"நண்டு வலை விடப்போறன்."

"எப்ப வருவியள்?"

"விடியப்புறம், சூரியன் வந்தவுடன."

"எப்பிடி?"

"என்ன எப்பிடி?"

"நண்டு எப்பிடி?"

"டேய்!" என்று வள்ளத்திலிருந்தவன் தலையில் கை வைத்தான். "இப்பிடியே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் நண்டு அலுத்துப்போய்த் தானாய்க் கரைக்கு வந்திடும். ஏறு மச்சான்!"

அருளப்பு சிரித்தான். அழுதுகொண்டே சிரித்தான். மகளின் கன்னத்தில், அந்த அடி விழுந்த இடத்தில், கொஞ்சிவிட்டு வள்ளத்தில் பாய்ந்து ஏறினான். எடித் கையிலிருந்த செபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். செலீனா ஒன்றும் பிடித்துக்கொள்ளவில்லை. வள்ளம் புள்ளியாகும்வரை நிமிர்ந்து நின்றாள்.

மறுநாள் விடிந்தபோது கரையில் வழக்கத்தைவிட ஆட்கள் அதிகம். யாரும் எதற்கு வந்தோம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஒருவன் வேப்பங்குச்சியால் பல் தீட்டினான்; ஒருவன் காய்ந்து கிடந்த கயிற்றைத் திரும்பத் திரும்பச் சுருட்டினான். மார்த்தா கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். சூரியன் வந்தது. வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அருளப்புவின் வள்ளம் வரவில்லை.

அரை மணித்தியாலம். ஒரு மணித்தியாலம். எடித் மணலில் உட்கார்ந்துவிட்டாள். யாகப்பர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். செலீனா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பக்கத்தில் நின்ற தாயின் கை வந்து அவள் கையைப் பற்றியது. அந்தப் பிடியில் குற்றம் சாட்டுதல் இல்லை.

எட்டரை மணிக்கு எஞ்சின் சத்தம் கேட்டது.

பிளக் நனைந்து எஞ்சின் இரண்டு தரம் நின்றுபோனதாம். வேறு ஒன்றுமில்லை. நண்டும் பெரிதாக இல்லை, சின்னதாகவும் இல்லை. வழக்கமாகப் பிடிபடும் பாடு. அருளப்பு கரையில் குதித்ததும் அன்ரோனெற் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

"சூரியன் வந்திட்டுது. ஏன் சுணங்கினியள்?"

"இந்தா, கொம்மாவைவிடப் பெரிய கொம்மா!" என்றார் யாகப்பர். கரை முழுவதும் சிரித்தது.

பள்ளிமுனை ஒரே நாளில் மாறிவிடவில்லை. தொழிலுக்குப் போகிறவனிடம் கேட்கக்கூடாது என்பவர்கள் பிறகும் இருந்தார்கள். செலீனா அவர்களோடு வாதாடவில்லை. "பிள்ளை கேட்டால் மறுமொழி சொல்லுங்கோ, சொல்ல விருப்பமில்லையெண்டால் சிரியுங்கோ. கை மட்டும் ஓங்காதேங்கோ" என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அன்று மாலையே கொட்டகைக்குத் திரும்பி, அடுத்த நாளுக்கு வேண்டிய சிப்பிகளைக் கழுவிக் காயவைத்தாள். அன்ரோனெற்றும் திரும்பக் கொட்டகைக்கு வரத் தொடங்கியிருந்தாள்.

தை மாதம் வந்தது. தலைமையாசிரியை அன்ரோனெற்றை முன்னால் நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"உங்கட பேர் என்ன, பிள்ளை?"

"அருளப்பு அன்ரோனெற்."

எடித் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

"வீடு எங்கை?"

"பள்ளிமுனையில. கோயிலுக்குப் பின்பக்கம். உங்கட பேர் என்ன?"

தலைமையாசிரியை திகைத்துப்போனார். முப்பது வருடச் சேவையில் எந்தப் பிள்ளையும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. பெயரைச் சொன்னார்.

"உங்கட வீடு எங்கை?"

அதற்கும் சொன்னார். சொல்லிக்கொண்டே பதிவுப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, பேனாவின் மூடியைக் கழற்றினார்.